இரண்டு டிக்கெட்: குறும்படக் காட்சிக்குப் பாட்டு வைப்பது எப்படி?

படத்தொகுப்புக்கு வருகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரு பென் டிரைவோடு வருவார்கள். அதில் காட்சிகள் ஒரு பக்கம், பாட்டுகள் ஒரு பக்கம். பாட்டுகளைத் திறந்தால் 'சோகம்', 'காதல்', 'அம்மா', 'சண்டை' என்று மளிகைக் கடை டப்பாக்களைப் போலப் பெயர் ஒட்டி வைத்திருப்பார்கள். காட்சி சோகமாக இருந்தால் சோக டப்பாவிலிருந்து இரண்டு கரண்டி. கல்யாணக் காட்சி என்றால் அடுத்த டப்பா.

சென்ற ஆண்டு ஒரு கல்லூரி மாணவியும் அப்படித்தான் வந்தார். அவர் எடுத்திருந்த காட்சி 1 நிமிடம் 50 வினாடி. மகளைத் திருச்சியில் கல்லூரி விடுதியில் சேர்த்துவிட்டு ஓர் அப்பா துறையூருக்குத் திரும்புகிறார். விடுதி வாசலில் மகள் அழுகிறாள். அப்பா "உள்ளே போ, போ" என்று கையசைக்கிறார். அடுத்து சத்திரம் பேருந்து நிலையம். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். நடத்துனர் வந்து நிற்க, பணத்தை நீட்டி "துறையூர் இரண்டு" என்கிறார். நடத்துனர் பக்கத்து இருக்கையைப் பார்க்கிறார். காலி. அப்பாவும் திரும்பிப் பார்க்கிறார். "ஒன்றுதான்" என்று திருத்திச் சொல்கிறார். பஸ் புறப்படுகிறது.

நன்றாகவே எடுத்திருந்தார். ஆனால் முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை, ஊரறிந்த ஓர் அப்பா-மகள் சினிமாப் பாட்டைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் பூசி வைத்திருந்தார். "துறையூர் இரண்டு" என்ற அந்த ஒரு வரி வயலின்களுக்குள் மூழ்கிப் போயிருந்தது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. அந்த நான்கு நாளில் செய்தவற்றைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். உங்கள் காட்சி வேறாக இருக்கும். வேலை ஏறக்குறைய இதேதான்.

முதல் படி: ஒலியை அடைத்துவிட்டுப் பாருங்கள்

பாட்டைத் தேடுவதற்கு முன் காட்சியை முழு ஊமையாக மூன்று முறை பாருங்கள். பிறகு ஒரு தாளில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: இந்தப் பாத்திரம் வாய்விட்டுச் சொல்லாதது எது?

மாணவி முதலில் எழுதியது "அப்பாவின் சோகம்." அது டப்பாவின் பெயர். மறுபடி பார்க்கச் சொன்னேன். இரண்டாவது முறை, "மகளைப் பிரிவது கஷ்டம்" என்று எழுதினார். அதைத்தான் வாசலில் மகள் அழுதே சொல்லிவிட்டாளே. மூன்றாவது முறை பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அவருக்கே இன்னும் தெரியாது, அண்ணா. இரண்டு என்று சொன்ன பிறகுதான் தெரிகிறது" என்றார். அதை எழுதச் சொன்னேன். அன்று வேறு எந்த வேலையும் செய்யவில்லை.

ஊமையாகப் பார்க்கும்போது காட்சி செத்துக் கிடந்தால் பாட்டு அதை எழுப்பாது. மறுபடி எடுங்கள், அல்லது வெட்டியெறியுங்கள். பாட்டை முட்டுக் கொடுக்கும் கம்பாக நினைத்து வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் முகம் வாடும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் படி: காட்சி சொல்லிவிட்டதைப் பாட்டும் சொல்ல வேண்டாம்

நான் எடுத்த முதல் குறும்படத்தில் ஒரு பாட்டியின் சாவு. முகாரி ராகத்தில் ஒரு வயலினை வாசிக்க வைத்து, அழுகிற முகங்களின் மேல் நீளமாக ஓட விட்டேன். முப்பது பேர் உட்கார்ந்த சிறிய அரங்கு. ஒருவர் கண்கூடக் கலங்கவில்லை. இரண்டு பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பெரியவர் ஒருவர், "வயலினே எல்லாவற்றையும் அழுது முடித்துவிட்டது, தம்பி" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா இதை ஒரு தெருவில் கற்றுக்கொண்டார். 'டிரங்கன் ஏஞ்சல்' (1948) படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய தந்தை இறந்துபோனார். துக்கத்தோடு தெருவில் நடந்துகொண்டிருந்தவர் காதில் ஒலிபெருக்கியிலிருந்து குயில் கூவுவதுபோன்ற ஒரு குதூகலமான வால்ட்ஸ், அதாவது ஐரோப்பிய நடன இசை, விழுந்தது. அந்தக் கும்மாள இசை தன் துக்கத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் கூட்டியது என்று பின்னாளில் எழுதினார். இசையமைப்பாளர் ஃபூமியோ ஹயசகாவிடம் சொல்லி, அதே இசையைப் படத்தில் வைத்தார். காசநோயால் இளைத்து, செல்வாக்கும் போய், கள்ளச்சந்தைத் தெருவில் தள்ளாடி நடக்கிற ரவுடியின் மேல் அந்தக் குயில் வால்ட்ஸ் ஒலிக்கிறது. அவனுடைய நிலைமையைப் பற்றி ஊருக்கு எந்தக் கவலையும் இல்லை என்பதை எந்தச் சோக வயலினும் இப்படிச் சொல்லியிருக்க முடியாது.

இதைக் கேட்டவுடன் சிலர் எல்லாச் சாவுக்கும் குத்துப்பாட்டு வைக்கக் கிளம்பிவிடுவார்கள். தலைகீழாகத் திருப்பிப் போடுவதும் ஒரு டப்பாதான். முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் பாட்டை வைத்துப் பாருங்கள். காட்சியில் இல்லாத ஒன்றைப் பாட்டு கொண்டுவருகிறதா? கொண்டுவந்தால் அது மகிழ்ச்சிப் பாட்டா சோகப் பாட்டா என்பது இரண்டாம் பட்சம்.

எங்கள் பஸ் காட்சிக்குப் பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே' என்று முடிவு செய்தோம். தந்தை மகளைக் கொஞ்சுவதாக எழுதிய பாட்டு. அதில் எந்த வரி? மாணவி உடனே பாய்ந்தது "உன்கண்ணில் நீர்வழிந்தால் என்நெஞ்சில் உதிரம் கொட்டுதடீ" என்ற வரியின் மேல். விடுதி வாசலில் மகள் கண்ணில் நீர் வழிகிறது, பாட்டிலும் வழிகிறது, கச்சிதம் என்றார். கச்சிதம்தான், அதனால்தான் வேண்டாம் என்றேன். படத்துக்கு யாரோ கீழே எழுத்துப் போட்டதுபோல் இருந்தது. அதே பாட்டில் முன்னால் ஒரு வரி உண்டு: "ஓடி வருகையிலே கண்ணம்மா, உள்ளம் குளிருதடீ." அதை எடுத்து, பஸ் நகர்ந்து திருச்சி பின்னால் போகிற ஷாட்டின் மேல் வைத்தோம். ஓடி வர யாரும் இல்லை. பக்கத்து இருக்கை காலி. இருவரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

வரியைத் தேர்ந்தெடுப்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: பாட்டின் எல்லா வரிகளையும் தாளில் எழுதி, காட்சியில் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே சொல்கிற வரிகளை முதலில் அடித்துவிடுங்கள். மிச்சமிருப்பதில் தேடுங்கள்.

மூன்றாம் படி: தெரிந்த பாட்டு தனியாக வராது

பழைய சினிமாப் பாட்டு ஒன்றை உங்கள் காட்சிக்குள் அழைத்தால், அதோடு பழைய படமும், நடித்தவர்களும், பார்ப்பவர் அதை முதலில் கேட்ட வயதும் சேர்ந்தே வரும். பந்திக்கு ஒருவரைக் கூப்பிட்டால் குடும்பத்தோடு வருவதுபோலத்தான். இலை போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அண்மைக் காலத்தில் இதை மிக நன்றாகச் செய்த படங்களில் '96' (2018) ஒன்று. 'தளபதி' (1991) படத்தின் 'யமுனை ஆற்றிலே' கண்ணனுக்காகக் காத்திருந்து அலுத்த ராதையின் பாட்டு. பள்ளிக்கூடத்தில் நாயகன் ராம் எத்தனை முறை கேட்டும் நாயகி ஜானகி அதை மட்டும் பாட மறுக்கிறாள். வருடங்கள் ஓடிய பிறகு ஒரே ஓர் இரவு, அவன் வீட்டில் மின்சாரம் போய் இருட்டாகும்போது அவளாகவே அதைத் தொடங்குகிறாள். அவன் இருட்டில் வெளிச்சத்துக்காகப் பரபரத்து ஓடுகிறான். புதியவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது பாட்டின் இனிமையை அல்ல, அது எவ்வளவு நேரம் தள்ளிப்போடப்பட்டது என்பதை. இயக்குநர் படம் முழுக்க அந்தப் பாட்டைக் கடனாக வைத்திருந்தார். அதனால்தான் இரண்டு வரி கேட்டதும் அரங்கு கலங்கியது. பாட்டு முழுதாக வர வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. உங்கள் 12 நிமிடக் குறும்படத்திலும் இதைச் செய்யலாம்: இரண்டாவது நிமிடத்தில் யாரோ கேட்டு, யாரோ மறுத்த பாட்டு பத்தாவது நிமிடத்தில் வரட்டும்.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' (2024) வேறு ஒன்றைச் செய்தது. 'குணா' (1991) படத்தில் "மனிதர் உணர்ந்துகொள்ள இது மனிதக் காதல் அல்ல" என்பது ஒருவன் தன் அபிராமிக்குச் சொல்வது. கொடைக்கானலின் அந்தக் குகைக்கு 'குணா குகை' என்ற பெயர் வந்ததே அந்தப் படத்தால்தான். அதே குகையின் குழிக்குள் விழுந்த நண்பனை இன்னொரு நண்பன் கயிற்றில் இறங்கி மீட்கும்போது அதே வரி வருகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை, 'காதல்' என்ற சொல்லுக்கு மட்டும் வேறு பொருள் ஏறிவிட்டது. இடம், வரி, நட்பு மூன்றும் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்தன. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு நண்பர்கள் காட்சிக்கு அதே பாட்டைப் போட்டுக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். குகை எங்கே என்று கேட்டேன்.

காலத்தைக் காட்டவும் பழைய பாட்டு உதவும். 'சுப்பிரமணியபுரம்' (2008) கதை 1980-ஆம் ஆண்டு மதுரையில் நடக்கிறது. அதில் பார்வைகள் பரிமாறிக்கொள்ளும்போது வருகிற 'சிறு பொன்மணி அசையும்' 1980-இல் வெளிவந்த 'கல்லுக்குள் ஈரம்' படத்துப் பாட்டு. ஆண்டு சரியாகப் பொருந்துகிறது. நீங்கள் 1980-இல் நடக்கிற கதையில் 1986-ஆம் ஆண்டுப் பாட்டை வைத்தால், அரங்கில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். நம் ஊரில் பாட்டு வெளிவந்த ஆண்டைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர்கள் தெருவுக்கு இருவர் இருக்கிறார்கள்.

தெரிந்த பாட்டை வைப்பதென்று முடிவு செய்தால் ஒரு சோதனை. ஐந்து பேரைப் பிடித்துப் பாட்டை மட்டும் கேட்க வையுங்கள். என்ன நினைவுக்கு வருகிறது என்று கேளுங்கள். ஐந்து பேரும் அந்தப் பழைய படத்தின் நாயகன் பெயரையே சொன்னால் உங்கள் நடிகர் அவரோடு போட்டி போட வேண்டியிருக்கும். தோற்றுவிடுவார்.

நான்காம் படி: பாட்டு எங்கிருந்து வருகிறது?

பாட்டு கதைக்கு உள்ளேயிருந்து ஒலிக்கலாம்: டீக்கடை ரேடியோ, கோவில் கொடையின் குழாய் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி. அல்லது வெளியேயிருந்து, பார்ப்பவருக்கு மட்டும் கேட்பதாக ஒலிக்கலாம். புதியவர்கள் யோசிக்காமலே இரண்டாவதைத்தான் எடுப்பார்கள். முடிந்தவரை முதலாவதில் தொடங்குங்கள் என்பது என் கட்சி. கதைக்குள்ளிருந்து வருகிற பாட்டை யாரும் 'என்னை அழ வைக்கப் பார்க்கிறார்கள்' என்று சந்தேகிக்கமாட்டார்கள். அது பாட்டுக்கு ஒலிக்கிறது. நம் ஆள் அதில் மாட்டிக்கொள்கிறார்.

அதற்குச் சில கைவேலைகள் உண்டு. ரேடியோப் பாட்டு பல்லவியிலிருந்து தொடங்காது, நாம் போகும்போது அது ஏதோ ஒரு சரணத்தின் நடுவில் இருக்கும். ஆகவே நடுவிலிருந்து தொடங்குங்கள். சுத்தமான ஒலிப்பதிவை அப்படியே வைத்தால் ரேடியோ போல இருக்காது. ஒலிச் சமன் செய்யும் இடத்தில் (ஈக்வலைசர்) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டினால் சின்னப் பெட்டியின் குரல் கிடைக்கும். இன்னும் நல்ல வழி, பாட்டை உண்மையான இடத்தில் ஒலிக்கவிட்டு அங்கேயே மறுபடி பதிவு செய்வது. 'அமெரிக்கன் கிராஃபிட்டி' (1973) படத்துக்கு அதன் ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச் இப்படித்தான் செய்தார். பாட்டுகளைத் திறந்த வெளியில் ஒலிபெருக்கியில் போட்டு, மைக்கை நகர்த்தி நகர்த்திப் பதிந்து, காற்றும் தூரமும் அதில் ஏறும்படி பார்த்துக்கொண்டார். உங்களிடம் ஒரு கைபேசியும் ஒரு மொட்டை மாடியும் இருந்தால் போதும்.

எங்கள் காட்சியில் பஸ்ஸின் ஒலிப்பெட்டியில் பாட்டு வரட்டும் என்றார் மாணவி. துறையூர் பஸ்ஸில் பாரதியார் பாட்டா என்று நான் சிரித்தேன். கடைசியில் அப்பாவுக்கு முன் இருக்கையில் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை உட்கார வைத்தோம். குழந்தை சிணுங்குகிறது. அவள் முதலில் சொல் இல்லாமல் முனகுகிறாள். பிறகுதான் சொல் வருகிறது. மாணவியின் சித்தியே நடித்து அவரே பாடினார். சுருதி ஓரிடத்தில் இறங்கியது. திருத்திவிடலாமா என்று கேட்டார்கள், கூடாது என்றேன்.

ஐந்தாம் படி: எந்த நொடியில் நுழைகிறது?

பாட்டைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலை என்று சொல்வார்கள். என் அனுபவத்தில் அது கால்வாசி. நுழையும் இடம்தான் பெரிய வேலை. ஒரே பாட்டு, ஒரே வரி, நான்கு வினாடி முன்னால் வந்தால் தூது சொல்லிவிடும். நான்கு வினாடி பின்னால் வந்தால் துணைக்கு வந்து உட்காரும்.

எங்கள் காட்சியில் மூன்று இடங்களில் வைத்துப் பார்த்தோம். முதலில் விடுதி வாசலில், மகள் அழத் தொடங்கும்போது. அழுகையும் பாட்டும் ஒன்றையொன்று தின்றன. பஸ் வருவதற்குள் களைப்பாகிவிட்டது. அடுத்து, "துறையூர் இரண்டு" என்ற வரிக்குச் சற்று முன்னால். முனகல் தொடங்கியவுடனே ஏதோ நடக்கப்போகிறது என்று பார்ப்பவர் நிமிர்ந்துவிட்டார். இரண்டு என்று சொன்னபோது அது எதிர்பார்த்ததாகிவிட்டது. மூன்றாவது, "ஒன்றுதான்" என்று சொல்லி, நடத்துனர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து நகர்ந்த பிறகு. அந்த இடத்திலும் உடனே வைக்கவில்லை. அப்பா டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைக்கிறார், ஒரு மூச்சு விடுகிறார், பஸ்ஸின் இரைச்சல் மட்டும் மூன்று வினாடி. அதற்கப்புறம்தான் முன் இருக்கையில் முனகல். அதுவரை பார்ப்பவரைத் தனியாக விட்டுவிட்டோம். அடி விழும்போது பாட்டு பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அன்றைக்கு எங்கள் இருவருக்கும் புரிந்தது.

நீங்களும் இப்படி முன்னால், மேல், பின்னால் என்று மூன்று பிரதிகள் செய்யுங்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பாருங்கள். களைத்த காதுக்கு எல்லாமே நன்றாக இருக்கும்.

தாளம் உள்ள பாட்டென்றால் கொஞ்சம் கணக்கும் வேண்டும். வினாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடுகிற படத்தில், நிமிடத்துக்கு 60 தாள அடி விழுகிற பாட்டுக்கு ஓர் அடிக்கு 24 ஃப்ரேம். 72 அடி என்றால் 20 ஃப்ரேம், 80-க்கு 18, 90-க்கு 16, 120-க்கு 12. அதாவது 1,440-ஐ அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும். கேமராவில் 25 ஃப்ரேம் வைத்து எடுத்திருந்தால் 1,500-ஐ வகுக்க வேண்டும். இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் உடனே ஒரு நோய் வரும்: ஒவ்வோர் அடிக்கும் ஒரு வெட்டு. கல்யாண வீடியோ அப்படித்தான் பிறக்கிறது. நான்கு அடிக்கு ஒன்று, எட்டு அடிக்கு ஒன்று என்று பொருந்தினால் போதும். நடுவில் சில வெட்டுகள் தாளத்தை மதிக்காமல் நடிகரின் கண்ணசைவை மட்டும் மதிக்கட்டும். பொருந்த வேண்டிய இடத்தில் படம் ஓரிரு ஃப்ரேம் முந்தட்டும், ஒலி பிந்தட்டும். மின்னலுக்குப் பிறகு இடி வந்து பழகிய காது அதைப் பொறுத்துக்கொள்ளும். ஒலி முந்தினால்தான் உடனே உறுத்தும்.

எங்கள் முனகலுக்குத் தாளக்கட்டே இல்லை. அவர் மூச்சு வாங்குகிற இடங்களைக் குறித்துக்கொண்டு அங்கே வெட்டினோம்.

ஆறாம் படி: பாடும் சொல்லும் பேசும் சொல்லும்

இது சுருக்கம். இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் பொருளுள்ள சொற்களைச் சொன்னால் காது இரண்டையும் கைவிடும். நம் பாட்டுகளில் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே இடையிசை வருகிறது. வசனத்தை அங்கே உட்கார வையுங்கள். அப்படி முடியாவிட்டால் வசனம் முடியும் வரை பாட்டைத் தள்ளிப்போடுங்கள். ஒலியளவைக் குறைத்துச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள், திருமண வரவேற்பில் மெல்லிசைக் குழு பாடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் நலம் விசாரித்த அனுபவத்தை நினைத்துக்கொள்ளட்டும்.

சில இடங்களில் குரலையே எடுத்துவிட்டு இசையை வைக்கலாம். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955) படத்தில், மகள் துர்கா இறந்தது தெரியாமல் வீடு திரும்பும் தந்தை அவளுக்கு வாங்கிவந்த சேலையை எடுத்துக் காட்டுகிறார். அதுவரை அடக்கி வைத்திருந்த தாய் உடைந்துபோகிறாள். அவள் வாய் கதறுகிறது. அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அதன் இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார்-ஷெனாய் என்ற தந்தி வாத்தியம் உச்சத்தில் ஒலிக்கிறது. அழுகையைக் கேட்டிருந்தால் ஒரு தாயின் அழுகையைக் கேட்டிருப்போம், அவ்வளவுதான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் என் தொண்டை அடைக்கும். அதை நகலெடுக்கப் பார்த்து இரண்டு முறை தோற்றிருக்கிறேன்.

ஏழாம் படி: தற்காலிகப் பாட்டோடு குடும்பம் நடத்தாதீர்கள்

தொகுக்கும்போது அளவு பார்ப்பதற்காக ஏதோ ஒரு பிரபல பாட்டைத் தற்காலிகமாகப் போட்டு வைப்பது எல்லோருடைய பழக்கம். பத்து நாள் அதோடு பார்த்த பிறகு வேறு எதைப் போட்டாலும் பிடிக்காது. புகழ்பெற்ற இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குக்கே அது நடந்தது: '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதிய இசையைக் கைவிட்டு, தொகுப்பின்போது வைத்திருந்த ஸ்ட்ராஸ் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களின் பழைய இசையையே கடைசி வரை வைத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் ஒரு பெரிய ஸ்டுடியோ இருந்தது. நமக்குப் பின்னால் இருப்பது வாடகைக்கு எடுத்த கேமராவின் பாக்கி. மூன்று நாளைக்கு மேல் ஒரே தற்காலிகப் பாட்டை வைக்காமல் மாற்றி மாற்றிப் போடுங்கள். இசையமைப்பாளரிடம் காட்சியைக் கொடுக்கும்போது அதை எடுத்துவிட்டே கொடுங்கள். "இதே மாதிரி வேண்டும்" என்று கேட்டால் இதே மாதிரிதான் வரும், இதைவிட ஒரு படி கீழாக.

எட்டாம் படி: உரிமை

இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் பாதிப் பேர் மேலே படித்திருக்கமாட்டார்கள்.

ஒரு பாட்டில் குறைந்தது மூன்று பொருள்கள் இருக்கின்றன: வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு. மூன்றும் வெவ்வேறு பேரிடம் இருக்கலாம். வரியையும் மெட்டையும் படத்தோடு இணைத்துப் பயன்படுத்த ஓர் அனுமதி, ஏற்கெனவே பதிவான குரலையும் வாத்தியத்தையும் பயன்படுத்த இன்னோர் அனுமதி. 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமைக்காலம் அவர்கள் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும். ஒலிப்பதிவுக்கு வெளியான பின் 60 ஆண்டு. இதில் புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று. 'ஹரிதாஸ்' (1944) படத்தின் 'மன்மத லீலையை' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது ஆண்டுப் பழசு, ஒலிப்பதிவின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, எடுத்துப் போடலாம் என்று தோன்றும். ஆனால் வரிகளை எழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973-இல். வரிகளுக்கான உரிமை 2033 முடியும் வரை உயிரோடு இருக்கிறது.

தியாகராஜர் கீர்த்தனை போன்றவை எல்லோருக்கும் பொது. ஆனால் நீங்கள் விரும்புகிற வித்துவானின் பதிவு பொதுவல்ல. பாரதியார் வரிகள் நாட்டுடைமை. ஆனால் பின்னாளில் வேறொருவர் போட்ட மெட்டும், புகழ்பெற்ற பாடகர்கள் பாடிய பதிவும் அப்படியல்ல. எங்கள் காட்சியில் சித்தியைத் தன் வாய்க்கு வந்தபடி, கேட்ட மெட்டை நினைக்காமல் முனகச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

பத்து வினாடிக்குள் பயன்படுத்தினால் அனுமதி வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சட்டத்தில் அப்படி ஒரு வினாடிக் கணக்கே இல்லை. 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வெளியான பிறகு 'குணா' பாட்டுக்காக இசையமைப்பாளர் தரப்பிலிருந்து வழக்கறிஞர் அறிவிப்பு போனது. இசை நிறுவனத்திடம் உரிமை வாங்கித்தான் பயன்படுத்தினோம் என்றது தயாரிப்புத் தரப்பு. பெரிய படத்துக்கே இந்தச் சிக்கல் என்றால், யாரிடம் என்ன வாங்கினோம் என்பதைக் காகிதத்தில் வைத்துக்கொள்வது எவ்வளவு அவசியம் என்று பாருங்கள். நண்பர் இலவசமாக மெட்டுப் போட்டுத் தந்தாலும் ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். நட்பு கெடாமல் இருக்க அதுதான் வழி.

ஒன்பதாம் படி: நிறுத்துவதும், காட்டுவதும்

பாட்டை மெல்ல மெல்லத் தேய்த்து முடிப்பது புதியவர்களின் தஞ்சம். மென்பொருளில் ஒரு கோடு இழுத்தால் போதும் என்பதால் எல்லோரும் இழுக்கிறார்கள். கதைக்குள்ளிருந்து வருகிற பாட்டு அப்படித் தேயாது. யாரோ ரேடியோவை அணைப்பார்கள், கதவு மூடும், பஸ் திரும்பும். காரணத்தோடு நிறுத்துங்கள். வரியின் நடுவில் நின்றால் இன்னும் நல்லது. மிச்சத்தைப் பார்ப்பவர் மனத்துக்குள் பாடிக்கொள்வார்.

எங்கள் பஸ்ஸில் குழந்தை தூங்கிவிடுகிறது. "ஓடி வருகையிலே கண்ணம்மா" என்று தொடங்கியவர் "உள்ளம்" என்ற இடத்தில் நின்று, குழந்தையின் தலையைத் தோளில் சரிசெய்துகொண்டு, பையை எடுத்துக்கொண்டு எழுகிறார். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அப்பா தன் காலை ஒதுக்கி வழி விடுகிறார். விசில். பஸ்ஸின் இரைச்சல் மட்டும் பதினொரு வினாடி.

காட்டும்போது பாட்டைப் பற்றி எதுவும் கேட்காதீர்கள். "என்ன நடந்தது?" என்று மட்டும் கேளுங்கள். "பாட்டு சூப்பர்" என்று ஒருவர் சொன்னால் மகிழ வேண்டாம். இரண்டு பேர் சொன்னால் தொகுப்பு மென்பொருளின் டைம்லைனைத் திறந்து மறுபடி உட்காருங்கள்.

மாணவி தன் வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறார். அவருடைய அப்பா பஸ்ஸிலேயே வாழ்நாளில் பாதியைக் கழித்தவர், அதிகம் பேசாதவர். பார்த்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அந்தக் கைக்குழந்தைக்காரம்மா மண்ணச்சநல்லூரில்தானே இறங்கினாள்?" என்று மட்டும் கேட்டாராம்.